குமாரகிருபா சாலையில் ஒரு சித்திரச் சந்தை

கே.ஆர். மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற பெங்களூர், ஆண்டில் ஒரு நாள் சித்திரத்துக்கும் பேரம் பேசுகிறது. ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் குமாரகிருபா சாலையில் போக்குவரத்தை நிறுத்திவிடுகிறார்கள். சாலை நெடுகிலும், கர்நாடக சித்ரகலா பரிஷத்தின் வளாகத்துக்குள்ளும் படங்கள்தான். கன்னடத்தில் 'சித்ர சந்தெ' என்பார்கள். 'சந்தெ' என்றால் நம் சந்தையேதான். 2003-ல் பரிஷத் தொடங்கிய இது, கொரோனாக் காலமான 2021-ல் இணையத்தில் நடந்தது. நூறு ரூபாய்ப் படமும் உண்டு, லட்ச ரூபாய்ப் படமும் உண்டு. மாதச் சம்பளக்காரர் கூச்சப்படாமல் போய் வரலாம்.

தஞ்சாவூர்ப் படங்களைத் தங்க ரேக்கின் மினுமினுப்பைக் கொண்டே நம்மவர்கள் கண்டுகொள்வார்கள். பழங்குடி மக்களின் படங்களை நின்று பார்க்க வேண்டும். செம்மண் நிறத்தின் மேல் வெள்ளையாக, முக்கோண உடம்புடன் மனிதர்கள் கைகோத்து ஆடினால் அது மகாராஷ்டிரத்து வார்லி. மானின் உடம்பெல்லாம் புள்ளியும் கோடுமாக நிறைந்திருந்தால் மத்தியப் பிரதேசத்துக் கோண்டு. கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் வீட்டுச் சுவரில் எழுதியவை இவை. விற்பதற்கு எழுதியவை அல்ல.

சுவரில் இருந்ததைக் காகிதத்துக்குக் கொண்டுவந்ததில் ஒரு தமிழருக்குப் பங்கு உண்டு. பாடன்கர் கிராமத்து ஜங்கட் சிங் ஷியாமை 1980-களின் தொடக்கத்தில் போபால் பாரத் பவனுக்கு வரவழைத்தவர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஓவியர் ஜே. சுவாமிநாதன். ஜங்கட்டின் படங்கள் பாரிஸ் வரை போயின. அவரோ 2001-ல், ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவரிடம் தொழில் பழகிய மருமகன் பஜ்ஜு ஷியாம், பிழைப்புத் தேடிப் போபால் வந்து இரவுக் காவலாளியாகவும் எலக்ட்ரீஷியனாகவும் வேலை பார்த்தவர். லண்டனில் ஓர் உணவு விடுதிச் சுவரில் வரைய அழைப்பு வந்தது. போனவர், அங்கே பூமிக்கடியில் ஓடும் ரயிலை மண்புழுவாகவும், ஊர் மணிக்கூண்டைச் சேவலாகவும் கண்டார். ஊர் விட்டு ஊர் வந்தவனின் கண் அது. நம்மில் பலருக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தப் படங்களைச் சென்னையின் தாரா புக்ஸ் 2004-ல் புத்தகமாக்கியது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

எல்லாருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் கிளிஃபோர்ட் பாஸம் 1977-ல் வரைந்த படம் ஒன்று 1,200 டாலருக்கு விலைபோயிற்று. 2007-ல் ஏலத்தில் அதே படம் 24 லட்சம் டாலர்! வரைந்தவர் 2002-லேயே காலமாகியிருந்தார். 2010 முதல் அந்த நாட்டில் படம் கைமாறும்போது ஓவியருக்கு 5 சதவீதம் தரச் சட்டம் வந்துவிட்டது. நம் பதிப்புரிமைச் சட்டத்திலும் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூலப் படத்தில் ஓவியருக்குப் பங்கு உண்டு. கேட்டு வாங்குவோர்தாம் அரிது.

இந்தச் சந்தையின் சிறப்பே, வரைந்தவரே படத்துக்குப் பக்கத்தில் நிற்பதுதான். இடையில் தரகர் இல்லை. கொடுக்கும் பணம் நேரே அவர் கைக்குப் போகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை. வார்லி உருவங்களை இன்று பைகளிலும் படுக்கை விரிப்புகளிலும் அச்சடித்துத் தள்ளுகிறார்கள். அந்தப் பாணியைப் பழகி வரையும் நகரத்தாரும் உண்டு. அது குற்றமல்ல, ஆனால் பழங்குடிப் படம் என்று நம்பி வாங்குகிறவர், எந்த ஊர், எங்கே கற்றீர்கள் என்று இரண்டு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கோத்தகிரிப் பக்கத்து ஆலு குறும்பர் படம் எங்கேயாவது கண்ணில் பட்டால், நிறம் எதில் எடுத்தது என்றும் கேளுங்கள். வேங்கை மரத்துப் பிசினையும் இலைச் சாற்றையும் கொண்டு தேனெடுக்கும் காட்சியை எழுதுகிறவர்கள் அவர்கள்.

காலையிலேயே போனால் நெரிசல் குறைவு. படத்தைச் சுருட்டித் தரச் சொல்லுமுன், பின்புறத்தில் பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.