பூட்டை மாற்றும் புரதம்

என் தாயார் திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் அருகே பூக்கட்டுபவர். ஒற்றைத் தலைவலி வந்துவிட்டால் வெளிச்சம் ஆகாது, இருட்டறையில் படுத்துவிடுவார். "வேலைக்குச் சோம்பல்" என்பார் சிலர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நான், காரணத்தைத் தேடலானேன்.

நம் உயிரணுக்களின் மேல் 'ஏற்பிகள்' உள்ளன. அவற்றைப் பூட்டுகள் என்றால், உடலில் சுரக்கும் வேதிப்பொருள்களைச் சாவிகள் எனலாம். 1998-இல் இங்கிலாந்தின் கிளாக்ஸோ வெல்கம் ஆய்வாளர்கள் ஒரு விந்தையை வெளியிட்டனர். குறிப்பிட்ட ஓர் ஏற்பி தனித்து இயங்குவதில்லை. 'ராம்ப்-1' என்னும் சிறு புரதம் துணை சேர்ந்தால் 'சி.ஜி.ஆர்.பி.' என்னும் பொருளை ஏற்கிறது. 'ராம்ப்-2' சேர்ந்தால் 'அட்ரினோமெடுலின்' என்னும் வேறொன்றை ஏற்கிறது. நார் ஒன்றே, மல்லிகை தொடுத்தால் கூந்தலுக்கு, வேப்பிலை தொடுத்தால் அம்மனுக்கு அன்றோ!

ஒற்றைத் தலைவலியில் பெரும்பங்கு வகிப்பது இந்த சி.ஜி.ஆர்.பி.யே. எனவே ராம்ப்-1 ஆய்வாளருக்கு இன்றியமையாததாயிற்று. 148 அமினோ அமிலங்களுக்கான செய்தி அடங்கிய அதன் மனித மரபணுவை, முழுதாகவோ பகுதியாகவோ, ஈ.கோலை போன்ற நுண்ணுயிரில் புகுத்தினால், அதுவே அப்புரதத்தைச் செய்து தரும். இதுதான் மறுசேர்க்கைப் புரதம். இது மருந்தன்று, மருந்து எங்கே, எப்படி ஒட்டுகிறது என்று சோதிக்க உதவும் ஆய்வுக்கூடப் பொருள். இந்த ஏற்பியை அடைக்கும் 'எரினுமாப்' ஊசிமருந்துக்கு 2018-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். மருந்தைப்பற்றி அவர் கேட்கவில்லை. "அப்போ நான் சோம்பேறி இல்லைன்னு உன் புத்தகத்திலேயே இருக்கா?" என்றார்.

இருக்கிறது, அம்மா.