தலையணை சைஸ் புத்தகம் போச்சு... செல்போன் வந்தாச்சு! கிரிக்கெட் 'ரெக்கார்டு' கைக்குள் வந்த கதை

அடையாறு:

சாயங்கால நேரம். அடையாறு பக்கம் ஒரு டீக்கடை. "கபில்தேவ் அன்னிக்கு அடிச்சது 175-ஆ, 183-ஆ?" என்று இரண்டு பேருக்குள் வாக்குவாதம். டீ ஆறுவதற்குள் மூன்றாவது ஆள் செல்போனைத் தட்டுகிறார்.

"175 நாட் அவுட். 183 பைனல்ல இந்தியா எடுத்த ஸ்கோரு. போதுமா?"

சண்டை ஓவர்!

1980-களில் இதே சண்டை வந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்காது. பழைய பேப்பரைத் தேட வேண்டும். இல்லாவிட்டால் 'ரெக்கார்டு புத்தகம்' வைத்திருக்கும் ஆளைத் தேடிப் போக வேண்டும். அந்தப் புத்தகம் ஊருக்கு ஒருத்தர், இரண்டு பேரிடம் இருந்தாலே அதிசயம்.

அந்தப் புத்தகம் எப்படி செல்போனுக்குள் வந்தது? அதனால் லாபம் என்ன, நஷ்டம் என்ன? விவரம் வருமாறு:-

'மீடியா கைடு' என்றால் என்ன?

பெரிய போட்டி தொடங்கும் முன்பு நிருபர்களுக்கும், டி.வி. வர்ணனையாளர்களுக்கும் ஒரு கையேடு கொடுப்பார்கள். அதுதான் மீடியா கைடு. எந்தத் தேதியில் எந்த மேட்ச், வீரரின் வயது, இதுவரை அடித்த ரன், எடுத்த விக்கெட், மைதானத்தின் பழைய ரெக்கார்டு எல்லாம் அதில் இருக்கும். "இது இவருக்கு 10-வது சதம்" என்று வர்ணனையாளர் 'டக்'கென்று சொல்வது இதைப் பார்த்துத்தான்.

இதற்கெல்லாம் தாத்தா, இங்கிலாந்தின் 'விஸ்டன்' ஆண்டு மலர். முதல் புத்தகம் வந்தது 1864-ம் ஆண்டு. வெறும் 112 பக்கம், விலை ஒரு ஷில்லிங். இப்போது 1,500 பக்கத்தைத் தாண்டி, செங்கல் மாதிரி கனக்கிறது. இன்றும் வருடா வருடம் அச்சாகிறது.

நம்ம சென்னையும் சளைத்தது இல்லை. 'இந்து' பத்திரிகையை நடத்தும் கஸ்தூரி அண்ட் சன்ஸ் நிறுவனம் 'இண்டியன் கிரிக்கெட்' என்ற ஆண்டு மலரை 1940-களில் தொடங்கி, 2000-களின் முதல் ஆண்டுகள் வரை வெளியிட்டது. ரஞ்சி ஸ்கோர் வேண்டுமா? நாடு முழுக்க நிருபர்கள் புரட்டியது நம்ம மவுண்ட் ரோடு புத்தகத்தைத்தான்.

எழுதி வைத்ததால் நின்றது

1983 உலகக் கோப்பையில், ஜூன் 18-ந்தேதி ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட். கதை முடிந்தது என்று நினைத்த நேரத்தில் கபில்தேவ் 175 ரன் விளாசினார். இந்தியா 31 ரன்னில் ஜெயித்தது. ஆனால் அந்த மேட்ச் டி.வி.யில் வரவில்லை. போட்டுப் பார்க்க வீடியோவும் இல்லை. இருப்பது ஸ்கோர் கார்டு!

இன்னொன்று. ரஞ்சி டிராபியின் முதல் மேட்ச் நடந்தது நம்ம சேப்பாக்கத்தில். 1934 நவம்பர் 4-ந்தேதி மெட்ராஸ் அணி, மைசூரை ஒரே நாளில் சுருட்டிவிட்டது. ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட். அதை நேரில் பார்த்தவர்கள் இன்று இல்லை. ஆனால் யாரோ ஒரு ஸ்கோரர் பென்சிலால் எழுதி வைத்தார். அதனால் இன்றும் தெரிகிறது.

ஐ.ஐ.டி. மாணவருக்கும் பங்கு

புத்தகம் கம்ப்யூட்டருக்குள் போனது 1993-ல். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த சைமன் கிங் என்ற இங்கிலாந்துக்காரர் 'கிரிக்இன்போ'வைத் தொடங்கினார். அமெரிக்காவில் கிரிக்கெட் ஸ்கோர் கிடைக்காமல் தவித்தவர்கள் நம்ம ஊரில் இருந்து படிக்கப்போன மாணவர்கள். அவர்களே கூலி வாங்காமல் உட்கார்ந்து ஸ்கோரை 'டைப்' அடித்தார்கள். பழைய மேட்ச் ஸ்கோரையும் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள்.

அதை வளர்த்தவர்களில் ஒருவர் பத்ரி சேஷாத்ரி. அடையாறை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் போனவர். பிறகு சென்னை திரும்பி, அதன் இந்தியப் பிரிவை இங்கிருந்து நடத்தினார். 2004-ல் 'கிழக்கு' பதிப்பகத்தைத் தொடங்கியதும் இவர்தான். புத்தகத்தில் இருந்ததைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு போனவர், மறுபடி புத்தகத்துக்கே வந்தார்!

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது 1995 ஆகஸ்டு 15-ந்தேதிதான். அதற்கு 2 வருடம் முன்பே கிரிக்கெட் ஸ்கோர் அங்கே ஏறிவிட்டது.

2003-ல் கிரிக்இன்போவை வாங்கியது யார் தெரியுமா? அதே விஸ்டன் குழுமம்! 2007-ல் அது இ.எஸ்.பி.என். கைக்குப் போனது.

லாபம் என்ன?

அச்சடித்த கைடு, போட்டிக்குப் பல வாரம் முன்பே பிரஸ்சுக்குப் போய்விடும். அதற்குள் ஒரு வீரருக்கு காயம் பட்டால், மாற்று ஆள் பெயர் புத்தகத்தில் இருக்காது. இப்போது ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு மாறுகிறது. மைதானத்தில் ஸ்கோரர் ஒரு பட்டனைத் தட்டினால், அடுத்த நிமிடம் ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவருக்கும் தெரிகிறது.

செலவும் மிச்சம். அமெரிக்கக் கல்லூரிகளில் இந்தக் கைடு ஊதிப் பெருத்து, கடைசியில் 208 பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2005-ல் வரம்பே போட வேண்டி வந்தது. 2010 வாக்கில் பல கல்லூரிகள் அச்சடிப்பதையே நிறுத்திவிட்டு, இணையத்தில் போட ஆரம்பித்தன.

நஷ்டம் என்ன?

முதல் விஷயம், கம்ப்யூட்டரில் இருந்தால் தப்பே இருக்காது என்று நினைக்கக்கூடாது. இங்கிலாந்து வீரர் ஜாக் ஹாப்ஸ் முதல்தரப் போட்டிகளில் அடித்த சதம் எத்தனை? ஒரு கணக்கில் 197. இன்னொரு கணக்கில் 199. இந்தியா-இலங்கைச் சுற்றுப்பயணத்தில் 1930-31-ல் அடித்த 2 சதத்தைச் சேர்ப்பதா, வேண்டாமா என்பதுதான் தகராறு. புத்தகம் என்றால் எந்த வருடம் என்ன அச்சிட்டார்கள் என்று பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். இணையத்தில் நேற்று ஒன்று, இன்று ஒன்று என்று மாறினால் நமக்குத் தெரியாது.

இரண்டாவது, கதவு சாத்தப்படலாம். பழைய ஸ்கோர் கார்டுகளைக் குவித்து வைத்திருக்கும் 'கிரிக்கெட் ஆர்க்கைவ்' தளம் முதலில் இலவசம். பிறகு சந்தா கட்டினால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். அலமாரியில் இருக்கும் புத்தகம் பணம் கேட்காது.

மூன்றாவது, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியை எழும்பூர் கன்னிமரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 1954-ம் ஆண்டு சட்டம் சொல்கிறது. பதிப்பகம் மூடினாலும் புத்தகம் இருக்கும். இணையதளத்தை மூடினால்? அதோடு சரி!

நம்ம பையன் ஸ்கோர் எங்கே?

இந்திய அணி ஸ்கோர் எங்கும் போகாது. அதைப் பாதுகாக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கவலை எல்லாம் இந்திரா நகர், திருவான்மியூர் பக்கம் இருந்து காலையில் கிட் பேக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் பையன்களைப் பற்றித்தான்.

கீழ் டிவிஷன் மேட்சில் ஒருத்தன் 5 விக்கெட் எடுக்கிறான். முன்பு மறுநாள் பேப்பரில் மூலையில் பொடி எழுத்தில் பெயர் வரும். அம்மா அதை வெட்டி பீரோவில் வைப்பார். இப்போது 'கிரிக்ஹீரோஸ்' மாதிரி ஆப்களில் உள்ளூர் டீம்களே ஸ்கோர் ஏற்றுகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் பெயரைத் தப்பாகப் போட்டால் விக்கெட் வேறு ஆள் கணக்கில் ஏறும். போன் நம்பர் மாறினால் பழைய கணக்கைத் திறப்பதே சிக்கலாகலாம்.

தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அங்கே கேட்பது அங்கீகாரம் பெற்ற போட்டியின் சான்றிதழை. "ஆப்ல இருக்கு சார், பாருங்க" என்றால் வேலைக்கு ஆகாது.

ஆகவே விளையாடும் பையன், பொண்ணு வீட்டில் இருந்தால் செய்ய வேண்டியது இதுதான்:

* மேட்ச் முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டை போட்டோ எடுங்கள். அணி, தேதி, மைதானம் தெரிய வேண்டும்.

* பெயர், இனிஷியல் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். தப்பு என்றால் அன்றைக்கே ஸ்கோரரிடம் சொல்லுங்கள்.

* போட்டிச் சான்றிதழை அப்போதே கேட்டு வாங்குங்கள். ஜெராக்ஸ் எடுத்து ஒரு பைலில் போடுங்கள்.

* ஒரு நோட்டில் தேதிவாரியாக ரன், விக்கெட் எழுதி வையுங்கள்.

10 ரூபாய் நோட்டுதான். ஆனால் அதற்கு சார்ஜ் போட வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். நம்ம பையனுக்கு அதுதான் விஸ்டன்!