இறாலுக்கு மீன்தூள்தான் வேண்டுமா?



நம் கடலோரத்தில் இறால் பண்ணையைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்த இறால் என்ன தின்று வளருகிறது என்று கேட்டால், "தீவனம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். பண்ணைச் செலவில் ஏறத்தாழ பாதிக்கு மேல் போவது அந்தத் தீவனத்துக்குத்தான். என் அப்பா ஒரு பண்ணையில் தீவனம் வீசுகிற வேலை பார்க்கிறார். மூட்டை விலை ஏறினால் அடுத்த முறை எத்தனை குளத்தில் குஞ்சு விடுவார்கள், எத்தனை பேருக்கு வேலை என்பதும் மாறிவிடும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த எனக்கு ஃபீஸ் கட்டுவதும் அந்தக் கூலிதான். ஆகவே இது எனக்கு வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை.

மீன்தூள் எதற்கு?

நம் நாட்டில் 2009-ல் அனுமதிக்கப்பட்ட வனாமி இறாலின் தீவனத்தில் சுமார் 35 சதவீதம் புரதம் இருக்கும். சிறு மீன்களை வேகவைத்து, பிழிந்து, உலர்த்தி அரைத்த மீன்தூளில் புரதம் 60 சதவீதத்துக்கும் மேல். இறாலும் அதை விரும்பித் தின்னும். ஆனால் கடல் எப்போதும் ஒரே மாதிரி கொடுக்காது. மீன்தூள் ஏற்றுமதியில் முன்னணியில் இருக்கும் பெரு நாட்டில், 2023-ல் நெத்திலி பிடிக்கும் முதல் பருவமே ரத்தானது. தவிர, ஏழை வீட்டுக் குழம்புக்கு வரவேண்டிய மத்தியும் மீன்தூள் ஆலைக்குப் போகிறது.

சோயா போட்டால் போதாதா?

சோயாப் பிண்ணாக்கில் 44 முதல் 48 சதவீதம் வரை புரதம் உண்டு. மீன்தூளைவிட மலிவு. ஆனால் சதவீதத்தை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் சேர்ந்த சரம். சோயாவில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. எள்ளுப் பிண்ணாக்கில் அது அதிகம். ஆனால் லைசின் குறைவு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். நம்ம வீட்டு இட்லியில் அரிசியும் உளுந்தும் செய்வது இதே வேலைதான்!

பச்சை சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு; சரியான சூட்டில் பக்குவப்படுத்தினால் அது அடங்கும். கடலைப் பிண்ணாக்கு ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். இன்னொன்று, இறாலின் உடம்பு கொலஸ்டிராலைத் தானே தயாரிக்காது. அது இல்லாவிட்டால் தோல் உரிக்க முடியாது. தோல் உரிக்காத இறால் வளராது. செடிப் பொருளில் கொலஸ்டிரால் அநேகமாகக் கிடையாது. எனவே மீன்தூளைக் குறைக்கும்போது அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஆக, இறாலுக்குத் தேவை மீன்தூள் அல்ல, மீன்தூளில் உள்ள சத்துக்கள்.

புதிய வழிகள்

காய்கறிக் கழிவில் வளரும் பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின் புழுவைக் காயவைத்து அரைத்தும் தீவனத்தில் சேர்க்கிறார்கள். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், உள்நாட்டுப் பொருட்களைக் கொண்டு 'வனாமி பிளஸ்' என்ற தீவனத்தையே உருவாக்கியுள்ளது.

மலிவு எது?

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. கிலோ 90 ரூபாய்த் தீவனம் 1.3 கிலோ போட்டால் ஒரு கிலோ இறால் என்றால், செலவு 117 ரூபாய். கிலோ 80 ரூபாய்த் தீவனம் 1.5 கிலோ தேவைப்பட்டால் 120 ரூபாய். மூட்டையில் மலிவு, குளத்தில் நஷ்டம்! மிஞ்சிய தீவனம் அடியில் அழுகி அம்மோனியாவாகும் என்பது தனி. அதனால்தான் செக் டிரேயைத் தூக்கிப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்கிறார்கள்.

இதில் நமக்கென்ன வேலை என்று கேட்காதீர்கள். இறால் கொறித்துக் கொறித்துத்தான் தின்னும். அதுவரை குச்சித் தீவனம் தண்ணீரில் கரையாமல் நிற்க வேண்டும். நைசாக அரைக்கும் மில், நீராவிச் சூடு, டை, டிரையர் எல்லாம் சரியாக இருந்தால்தான் அது நடக்கும். இது மெக்கானிக்கல், கெமிக்கல் மாணவர்களின் வேலையல்லவா? புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும் நண்பர்கள் பக்கத்து ஊர்ப் பிண்ணாக்கு ஆலையில் இருந்தே தொடங்கலாம்!