தடுத்த தளம் எங்கே போகிறது?

2018 நவம்பரில் ‘2.0’ திரைக்கு வருமுன்பே அதன் தயாரிப்பாளரான லைகா நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. படத்தைத் திருட்டுத்தனமாக வெளியிடக்கூடிய 12,000க்கும் மேற்பட்ட இணையதளங்களைத் தடுக்கும்படி 37 இணையச் சேவை நிறுவனங்களுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பட்டியலில் தமிழ்ராக்கர்ஸ் பெயரில் இயங்கியவை மட்டுமே 2,000க்கு மேல். நவம்பர் 29 அன்று படம் வெளியானது. அன்றே இணையத்திலும் வந்துவிட்டது.

இவ்வளவு பெரிய உத்தரவு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. காரணம் புரிய வேண்டுமானால், ‘தடை’ என்பது இணையத்தில் எந்த இடத்தில் நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உங்கள் போனில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைப் போன் தேடும். வழக்கமாக அதைச் சொல்வது, நீங்கள் இணைப்பு வாங்கியிருக்கும் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர். ஊருக்குப் புதிதாக வந்தவர் தெருமுனை டீக்கடையில் வழி கேட்பது மாதிரிதான் இது. “அந்த வீட்டைக் கேட்டு யார் வந்தாலும் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்” என்று கடைக்காரருக்கு உத்தரவு போட்டால் அது டிஎன்எஸ் தடை. வீட்டுக்கு எதுவும் ஆவதில்லை. பக்கத்துக் கடையில் கேட்டால் வழி கிடைத்துவிடும்.

இதைவிடக் கெட்டியான முறையும் உண்டு. பூட்டுப் படம் போட்ட பாதுகாப்பான இணைப்பில்கூட, போன் சர்வருக்கு அனுப்பும் முதல் தகவலில் தளத்தின் பெயர் பெரும்பாலும் மறைக்கப்படாமல்தான் போகிறது. எஸ்என்ஐ எனப்படும் அந்தப் பகுதியைச் சேவை நிறுவனத்தின் கருவி படித்துவிட்டு, பட்டியலில் உள்ள பெயராக இருந்தால் இணைப்பைத் துண்டித்துவிடும். இணைப்பை மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் போட்டால் இதுவும் பலிக்காது. மூன்றாவது வழி, எண் முகவரியையே அடைப்பது. ஒரே எண் முகவரியை நூற்றுக்கணக்கான தளங்கள் பகிர்ந்துகொள்வது இன்று சர்வசாதாரணம் என்பதால், இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது.

இந்த மூன்றில் எதைச் செய்தாலும் பெரும்பாலும் வேறொரு நாட்டில் இருக்கும் சர்வரை யாரும் தொடுவதில்லை. தளத்தை நடத்துபவர் புதிய டொமைன் பெயரைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிப் பழைய சரக்கை அப்படியே அதில் காட்டுகிறார். அந்தப் பெயரைத் தடுக்க நீதிமன்றத்துக்கு மறுபடி போவதற்குள் படமே தியேட்டரை விட்டுப் போய்விடும். இந்த ஓட்டத்தைச் சமாளிக்க 2019 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் புது வழி காட்டியது. ஒரு தளத்துக்குத் தடை கிடைத்த பிறகு முளைக்கும் நகல் தளங்களுக்குப் புது வழக்குத் தேவையில்லை, நீதிமன்றப் பதிவாளரிடம் மனுக் கொடுத்துப் பட்டியலில் சேர்க்கலாம் என்றது.

சரி, பலன் உண்டா? பிரிட்டன் அனுபவத்தைக் கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மைக்கேல் ஸ்மித், ராகுல் தெலாங் உள்ளிட்டோர் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2012இல் அங்கே பைரேட் பே என்ற ஒரே தளத்தைத் தடுத்தபோது, காசு கொடுத்துப் பார்ப்பவர்கள் கூடவில்லை. மக்கள் வேறு திருட்டுத் தளங்களுக்குப் போனார்கள். 2013இல் 19 தளங்களை ஒரே நேரத்தில் தடுத்தபோது நிலைமை மாறியது. அவற்றைப் பயன்படுத்தி வந்தவர்கள் கட்டணச் சேவைகளைப் பயன்படுத்துவது சுமார் 12 சதவீதம் உயர்ந்தது. தேடித் தேடி அலுத்தவர்களில் ஒரு பகுதியினர் கட்டணச் சேவைகளின் பக்கம் வந்தார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. தடை யாரையும் முழுதாக நிறுத்துவதில்லை. சலிப்பை உண்டாக்குகிறது. அந்தச் சலிப்பு வேலை செய்ய வேண்டுமென்றால் நியாயமான விலையில் நல்ல பிரதி பக்கத்திலேயே கிடைக்க வேண்டும்.

வலையை அகலமாக வீசினால் யார் யாரோ சிக்குகிறார்கள். 2012இல் ‘3’, ‘தம்மு’ படங்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற உத்தரவைக் காட்டி, சேவை நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் தளங்களையே மூடிவிட்டன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் தடுத்தால் போதும் என்று நீதிமன்றம் பிறகு விளக்க வேண்டியிருந்தது. 2017இல் இரண்டு இந்திப் படங்களுக்காகத் தடுக்கப்பட்ட 2,600க்கும் மேற்பட்ட தளங்களில், லட்சக்கணக்கான பழைய நூல்களைச் சேமித்து வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவும் ஒன்று. இத்தாலியில் புகார் வந்த அரை மணி நேரத்துக்குள் தளத்தை முடக்கும் ஏற்பாடு இருக்கிறது. 2024 அக்டோபரில் அது கூகுள் டிரைவின் ஒரு முகவரியை முடக்கியதில் நாடு முழுக்கக் கோப்புகளைப் பதிவிறக்க முடியாமல் போனது.

தளங்களை விட்டு மூலத்தைத் தேடினால், புதுப் படத் திருட்டின் ஊற்றுக்கண் பல நேரம் தியேட்டர் இருட்டில் இருக்கிறது. டிஜிட்டல் புரொஜெக்டர் காட்டும் படத்தில் கண்ணுக்குத் தெரியாத நீர்க்குறி இருக்கும். திருட்டுப் பிரதியை ஆராய்ந்தால் எந்தத் திரையில், எந்த நேரக் காட்சியில் எடுத்தது என்று அது சொல்லிவிடும். அப்படிப் படம்பிடிப்பவருக்கு 2023ஆம் ஆண்டு ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை என்கிறது. புகார்களைக் கவனிக்க 12 அதிகாரிகளையும் மத்திய அரசு நியமித்தது. 48 மணி நேரத்துக்குள் நடவடிக்கை என்பது அறிவிப்பு. ஆனால் வெள்ளிக்கிழமை காலை கசிந்த படத்துக்கு 48 மணி நேரம் என்றால் ஞாயிறு வந்துவிடும். வெள்ளி முதல் ஞாயிறு வரையிலான அந்த மூன்று நாட்களில்தான் போட்ட பணத்தில் பெரும்பங்கு திரும்ப வேண்டும்.

ஆகவே தடுக்கட்டும், வேகமாகவும் மொத்தமாகவும் தடுக்கட்டும். கடன் வாங்கிப் படம் எடுத்தவருக்கு அந்த மூன்று நாள் அவகாசம் பெரிது. ஆனால் இன்று தடுக்கப்பட்ட பக்கத்துக்குப் போனால், தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவு என்று ஒரு வரி வரும், அல்லது வெறுமனே பிழைச் செய்தி வரும். எந்தத் தளம், எந்த உத்தரவின்படி, எந்தத் தேதியில் தடுக்கப்பட்டது, தவறாக இருந்தால் யாரிடம் முறையிடுவது என்ற விவரங்களை அரசு பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.