மறைந்த விண்மீன் தரும் ஒளி



1987-ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று, சிலி நாட்டிலிருந்து இயன் ஷெல்டன் என்னும் வானியலாளர் வானில் புதிதாய்ச் சுடர்விட்ட ஒரு விண்மீனைக் கண்டார். உண்மையில் அது வெடித்துச் சிதறி ஏறத்தாழ 1,68,000 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் ஒளி நம்மை வந்தடைய அத்தனை காலம் பிடித்தது! 1604-க்குப் பின் பூமியிலிருந்து காணப்பட்டவற்றுள் மிகப் பிரகாசமான சூப்பர்நோவா இதுவே.

சூரியனைவிடப் பல மடங்கு எடை கொண்ட விண்மீனின் எரிபொருள் தீர்ந்ததும், அதன் மையம் தன் எடையாலேயே உள்நோக்கிச் சரிகிறது. வெளிப்பகுதி வெடித்துச் சிதறுகிறது. இவ்வாறு சிதறியவை புதிய விண்மீன்களுக்கும் கோள்களுக்கும் மூலப்பொருளாகின்றன. நம் இரத்தத்திலுள்ள இரும்பும் எலும்பிலுள்ள கால்சியமும், சூரியன் தோன்றுமுன்பே மடிந்த விண்மீன்கள் விட்டுச் சென்றவை. மடிந்து பலன் தரும் கோதுமை மணியைப் பற்றி ஆண்டவர் கூறியது நம் நினைவுக்கு வருகிறது அல்லவா?

நமக்காக உழைத்து ஓய்ந்த பெற்றோரின் தியாகமும், பெரும்பாலும் அவர்கள் மறைந்த பிறகே நம் கண்ணுக்குத் தெரிகிறது. கல்லறைத் திருநாளில் அவர்களுக்காக மெழுகுதிரி ஏற்றிச் செபிக்கிறோம். அது நம் கடமை. இன்று நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு நன்றி சொல்ல, அந்த நாள்வரை காத்திருக்க வேண்டாமே! இன்றே அவர்கள் அருகில் சற்று அமர்வோம்.