குஜராத் கடற்கரையில் ஒரு பாரசீகம்

புது தில்லி: பண்டைய பாரசீகம் என்றதும் வரலாற்று மாணவர்களின் நினைவுக்கு வருவது ஈரானில் உள்ள பெர்செபோலிஸ் நகரின் கல் தூண்கள்தான். கி.மு. 518-ஆம் ஆண்டு வாக்கில் மன்னர் டேரியஸ் கட்டத் தொடங்கிய அந்த அரண்மனையின் படிக்கட்டுச் சுவரில், காணிக்கைப் பொருள்களை ஏந்தி வரும் இந்தியர்களின் உருவங்களும் செதுக்கப்பட்டுள்ளன. ஆனால், டேரியஸ் வணங்கிய அஹுர மஸ்தாவை இன்றும் வழிபடும் மக்களைக் காண்பதற்கு அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. மும்பையிலிருந்து சூரத் செல்லும் ரயிலில் ஏறினாலே போதும்.

உலகின் பல நாடுகளில் வாழும் ஜராதுஷ்டிர சமய இளைஞர்களை அழைத்து வந்து இவ்வழியில் உள்ள இடங்களைக் காட்டும் "ரிட்டர்ன் டு ரூட்ஸ்' என்ற பயணத் திட்டம் பத்தாண்டுகளுக்கும் மேலாக நடைபெற்று வருகிறது. பிற சமயங்களைச் சேர்ந்த மாணவர்களும் பாரசீக வரலாற்றையும் சமயத்தையும் பண்பாட்டையும் அறிந்து கொள்ள ஏற்ற வழி இதுவே. ஆயினும், அவர்களுக்கு எல்லாக் கதவுகளும் திறப்பதில்லை என்பதும் உண்மை.

குகையில் பொறித்த பெயர்கள்: மும்பைக்கு வடக்கே உள்ள கன்ஹேரி குகைகள் பெளத்தத் துறவிகள் தங்கியிருந்த இடம். அங்குள்ள ஒரு குகையில் பஹ்லவி எனப்படும் இடைக்காலப் பாரசீக மொழியில் சில கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 1009, 1021 ஆகிய ஆண்டுகளில் அங்கு வந்து சென்ற பார்சிகள் தங்கள் பெயர்களையும் வந்த நாளையும் பொறித்து வைத்துள்ளனர். இந்தியாவில் பார்சிகளின் வாழ்வுக்கு நாள் குறிப்பிட்டுச் சான்று தரும் பழைய ஆவணங்களில் இவை முக்கியமானவை.

மும்பை நகருக்குள்ளேயே பெர்செபோலிஸின் சாயலைக் காணலாம். கோட்டைப் பகுதியில் உள்ள மானெக்ஜி சேட் நெருப்புக் கோயிலின் முகப்பில், மனிதத் தலையும் சிறகுகளும் கொண்ட காளைகள் காவல் நிற்கின்றன. கே.ஆர். காமா கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1916-ஆம் ஆண்டு முதல் ஈரானியவியல் நூல்களையும் சுவடிகளையும் பாதுகாத்து வருகிறது.

சஞ்சானில் கரையேறியவர்கள்: சாசானியப் பேரரசின் கடைசி மன்னர் மூன்றாம் யஸ்தகிர்த் கி.பி. 651-இல் கொல்லப்பட்டார். அதன் பிறகு பாரசீகத்தில் இஸ்லாம் பரவியது. தங்கள் சமயத்தைக் காத்துக் கொள்ள ஒரு பிரிவினர் கடல் கடந்து குஜராத்தின் சஞ்சானில் கரையேறினர். அது 8-ஆம் நூற்றாண்டிலா, 10-ஆம் நூற்றாண்டிலா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இந்த வருகையை விவரிக்கும் "கிஸ்ஸா-இ-சஞ்சான்' என்ற பாரசீகச் செய்யுள் நூலை 1600-ஆம் ஆண்டு வாக்கில் பஹ்மன் கைகோபாத் என்ற குரு இயற்றினார். உள்ளூர் மொழியைப் பேச வேண்டும், பெண்கள் உள்ளூர் உடை அணிய வேண்டும், ஆயுதங்களைக் கைவிட வேண்டும் என்பன உள்ளிட்ட நிபந்தனைகளுடன் ஜாதி ராணா என்ற மன்னர் அவர்களுக்கு இடம் அளித்ததாக அந்நூல் கூறுகிறது. பாலில் சர்க்கரை கலந்து காட்டியதாகப் பலரும் அறிந்த கதை அந்நூலில் இல்லை. அது பிற்காலத்தில் வாய்மொழியாக வழங்கிய கதை.

கரையேறியதன் நினைவாக 1920-இல் எழுப்பப்பட்ட தூண் சஞ்சானில் நிற்கிறது. 2002-ஆம் ஆண்டு முதல் அங்கு நடந்த அகழாய்வில் மேற்கு ஆசியாவைச் சேர்ந்த மெருகூட்டிய மட்கலன்களும், இறந்தோரின் உடல்களை வைக்கும் கோபுரம் ஒன்றின் எச்சங்களும் கிடைத்தன. சஞ்சான் கடல் வணிகம் செழித்த துறைமுகம் என்பதை இவை காட்டுகின்றன.

உத்வாடாவின் நெருப்பு: சஞ்சானில் நிறுவப்பட்ட புனித நெருப்புக்கு "ஈரான்ஷா' என்று பெயர். மின்னல் தாக்கியதால் எழுந்த தீ, குயவர், பொற்கொல்லர் உள்ளிட்டோரின் உலைகளில் எடுத்த தீ என 16 வகை நெருப்புகளைத் தூய்மைப்படுத்தி ஒன்று சேர்த்து இத்தகைய நெருப்பு உருவாக்கப்படுகிறது. சஞ்சான் படையெடுப்புக்கு உள்ளானபோது குருமார்கள் இந்த நெருப்பை பாஹ்ரோட் மலைக்குகைக்கு எடுத்துச் சென்றனர். பின்னர் வான்ஸ்டா, நவசாரி, சூரத், வல்சாட் எனப் பல ஊர்களைக் கடந்து 1742-இல் அது உத்வாடாவை அடைந்தது. அன்று முதல் ஒன்பது குருமார் குடும்பங்கள் முறை வைத்து அதைப் பேணி வருகின்றன. நாளொன்றுக்கு ஐந்து முறை மணி ஒலிக்க வழிபாடு நடக்கிறது.

ஆனால், பார்சி அல்லாதோர் இக் கோயிலுக்குள் செல்ல அனுமதி இல்லை. வாசல் வரை வரும் மாணவர்கள் ஓட்டு வீடுகள் நிறைந்த தெருக்களையும், அருகில் உள்ள அருங்காட்சியகத்தையும் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான்.

நவசாரியும் சூரத்தும்: கோயிலின் கதவு மூடியிருந்தாலும் நூலகத்தின் கதவு திறந்தே இருக்கிறது. நவசாரியில் 1872-இல் தொடங்கப்பட்ட தஸ்தூர் மெஹெர்ஜி ராணா நூலகத்தில் அவெஸ்தா, பஹ்லவி, பாரசீகம், சம்ஸ்கிருதம், குஜராத்தி மொழிகளில் அமைந்த சுவடிகள் உள்ளன. அக்பரின் அவையில் தம் சமயத்தின் கொள்கைகளை எடுத்துரைத்த குருவின் பெயரைத் தாங்கியது இந்த நூலகம்.

ஈரானில் உள்ள குருமார்களிடம் ஐயம் கேட்டு இந்தியப் பார்சிகள் 1478-ஆம் ஆண்டு முதல் கடிதம் அனுப்பி வந்தனர். "ரிவாயத்' எனப்படும் அந்தப் பதில்கள் இரு நாட்டு மக்களின் உறவுக்குச் சான்றாக உள்ளன. அவெஸ்தா மறைநூலின் மிகப் பழைய ஏடுகளில் சில, 1323-ஆம் ஆண்டு வாக்கில் குஜராத்தின் காம்பே நகரில் படி எடுக்கப்பட்டவை. அவை இன்று கோபன்ஹேகன், ஆக்ஸ்போர்டு நூலகங்களில் உள்ளன.

ஐரோப்பா இச் சமயத்தை அறிந்து கொண்டதும் குஜராத் வழியாகத்தான். பிரெஞ்சு இளைஞர் ஆங்கெத்தீல் துய்பெரோன் 1758-இல் சூரத்துக்கு வந்து, தஸ்தூர் தாராப் என்ற குருவிடம் பயின்றார். ஏடுகளுடன் நாடு திரும்பிய அவர், 1771-இல் பாரீஸில் அவெஸ்தாவை மொழிபெயர்த்து வெளியிட்டார்.

தமிழர்களுக்கும் தொடர்பு உண்டு: கி.பி. 849-இல் கொல்லத்தில் உள்ள தேவாலயத்துக்கு வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் வட்டெழுத்தில் அமைந்தவை. அவற்றில் சாட்சிகளாகக் கையெழுத்திட்டவர்களில் பலர் பஹ்லவி எழுத்தில் தங்கள் பெயர்களை எழுதியுள்ளனர். சென்னை பரங்கிமலை தேவாலயத்தில் உள்ள கற்சிலுவையைச் சுற்றியும் பஹ்லவி எழுத்துகள் உள்ளன. பாரசீக வணிகர்களின் வருகை குஜராத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்கு இவை சான்று.

குறைந்து வரும் எண்ணிக்கை: 1941-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1,14,890 ஆக இருந்த பார்சிகளின் எண்ணிக்கை, 2001-இல் 69,601 ஆகவும், 2011-இல் 57,264 ஆகவும் குறைந்தது. தாமதமான திருமணம், திருமணம் செய்து கொள்ளாமை, குறைந்த குழந்தைப்பேறு, வெளிநாடுகளில் குடியேறுதல் ஆகியவை காரணங்களாகக் கூறப்படுகின்றன. பிறப்பு விகிதத்தை உயர்த்த மத்திய அரசு 2013-இல் "ஜியோ பார்சி' திட்டத்தைத் தொடங்கியது.

வேற்று சமயத்தவரை மணந்த பார்சிப் பெண்கள் கோயிலுக்குள் செல்லலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை வந்தது. அத்தகைய பெண் ஒருவர் தம் பெற்றோரின் இறுதிச் சடங்குகளில் பங்கேற்க அனுமதிப்பதாக 2017-இல் வல்சாட் பார்சி அமைப்பு நீதிமன்றத்தில் தெரிவித்தது. சமயத் தூய்மையைக் காப்பதா, கதவைத் திறப்பதா என்பதில் அச் சமூகத்துக்குள்ளேயே இரு கருத்துகள் உள்ளன. இதில் வெளியார் தீர்ப்புச் சொல்ல இடமில்லை.

ஆனால், மொழியும் சுவடியும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றை எவரும் கற்கலாம். அவெஸ்தாவையும் பஹ்லவியையும் ஏட்டிலிருந்து நேரடியாகப் படிக்கக் கூடியவர்கள் நாட்டில் மிகச் சிலரே. மும்பை பல்கலைக்கழகத்தில் இம் மொழிகளுக்கான ஆய்வு மையம் அமைக்க மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகம் அண்மை ஆண்டுகளில் உதவ முன்வந்தது வரவேற்கத்தக்கது. எனினும், மையம் அமைந்தால் மட்டும் போதாது. அங்கு வந்து படிக்க மாணவர்கள் வேண்டும்.

சூரத்துக்கு வந்த பிரெஞ்சு இளைஞரும் பார்சி அல்லர். அவருக்குக் கற்பிக்க அன்று ஒரு குரு இருந்தார். நவசாரி நூலகத்தைப் பார்த்துத் திரும்பும் மாணவர்களில் ஓரிருவராவது இந்த எழுத்துகளைக் கற்க முன்வந்தால், அச் சுவடிகள் காட்சிப் பொருள்களாக மட்டும் எஞ்சும் நிலை ஏற்படாது. கற்பிக்க வல்லவர்கள் இருக்கும்போதே அது நடைபெற வேண்டும்.