வட்டத்தொட்டி

ஒரு நூலைப் படித்து முடித்தவுடன் அதைப்பற்றிய அபிப்பிராயத்தை ஒரு நண்பரிடம் சொல்லியாகவேண்டும் என்று உள்ளம் துடிக்கிறதே, அந்தத் துடிப்பையே ஒரு சபையாக்கி வைத்தவர், 1954-ஆம் ஆண்டில் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். திருநெல்வேலியில் அவருடைய இல்லத்தின் வட்டமான தொட்டிக்கட்டில் கூடியதனால் 'வட்டத்தொட்டி' என்றே பெயர்பெற்ற அந்தக் கூட்டத்தில், கம்பன் பாட்டு ஒன்றை அவர் எடுத்துக்கொண்டு, நிறுத்தி நிதானித்து, பதம் பதமாகச் சுவைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, வந்திருந்தவர்கள் பாண்டித்தியத்தைப் பற்றிய பயத்தை மறந்து அந்த ரசானுபவத்தில் கலந்துகொண்டார்கள். பாவமும் தாளமுமே அங்கே முதலில். கவிதையை அணுக அதுவே நேரான வழி என்பது என் துணிபு. தூரத்து நண்பர்களுக்கோ அதே சுவையைக் கடிதங்களில் எழுதி அனுப்பினார். அக்கடிதங்களும் பின்னர் நூலாக வெளிவந்தன.